பெயர் எழுதும் ஏடும் அளவு எழுதும் ஏடும்: கட்டட வேலையில் கூலியாளும் காண்டிராக்டும்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே டில்லியில் எங்கள் தொழிலுக்குச் சீசன் பிறந்துவிடும். மழை ஓய்ந்து சுவர் காய்ந்ததும் வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்யத் தொடங்குவார்கள். பெயிண்டிங் தொழில் நடத்துகிறவன் அப்போது ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வந்த வேலையைச் சொந்த ஆட்களை வைத்துச் செய்வதா, அல்லது சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி வேறொருவர் கையில் விட்டுவிடுவதா? முன்னதை இந்த ஊரில் 'திஹாடி' என்பார்கள், நாம் நாள்கூலி என்கிறோம். பின்னதற்கு 'டேக்கா' என்று பெயர். நம்மவர்கள் சப்காண்டிராக்ட் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள்.

நான் 1978-இல் தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து டில்லிக்கு வந்தவன். தமிழ் மேஸ்திரி ஒருவரிடம் கையாளாகச் சேர்ந்து, சுவர் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பிறகு பிரஷ் பிடித்து, பத்து ஆண்டுகளுக்குப் பின் சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். இப்போது என் அக்கா மகன் அதை நடத்துகிறான். சென்ற ஆண்டு அவன் என்னிடம், "மாமா, ஆறு பேருக்கு வருஷம் முழுக்கச் சம்பளம் போட்டு என்னத்துக்கு வச்சிருக்கணும்? டேக்காவுக்கு விட்டுட்டா நமக்குத் தலைவலி கிடையாதே" என்றான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் சற்று விரிவாகவும் வரிசையாகவும் இங்கே எழுதுகிறேன். தொழிற்கணக்கு என்று தோன்றும் இந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. அதில் தமிழர்களாகிய நமக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

இரண்டு ஏடுகள்

இந்தியாவில் பொதுப்பணித் துறை 1854-இல், டல்ஹௌசி பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில் அமைக்கப்பட்டது. அந்தத் துறையின் கணக்கு முறையைக் கவனித்தால் நம் கேள்வி அப்படியே அதில் பதிவாகியிருப்பதைக் காணலாம். துறையே ஆள் வைத்துச் செய்யும் வேலைக்கு 'மஸ்டர் ரோல்' எழுத வேண்டும். வேலையாளின் பெயர், எந்தெந்த நாள் வந்தான், நாளுக்கு என்ன கூலி, கைநாட்டு என எல்லாம் அதில் இருக்கும். காண்டிராக்டில் விட்ட வேலைக்கு எழுதுவது 'மெஷர்மெண்ட் புக்'. அதில் நீளம், அகலம், பரப்பு, எத்தனை கோட்டு என்று இருக்கும். செய்தவன் யார் என்பது இராது.

அரசு என்ஜினீயர்கள் இரண்டையும் தினசரி பார்ப்பவர்கள் என்பதால் அவர்களுக்கு இது சாதாரண விஷயம். எனக்கோ இது முக்கியமாகப் படுகிறது. முதல் ஏட்டில் ஆளின் பெயர் இருக்கிறது, இரண்டாவதில் சுவரின் அளவு இருக்கிறது. கூலியாளுக்கும் காண்டிராக்டுக்கும் உள்ள வேற்றுமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

பெயர் எழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் ஏறத்தாழ 1014-ஆம் ஆண்டைச் சேர்ந்த இராஜராஜனின் கல்வெட்டு ஒன்று, கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் பெயர் சொல்லி, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்று வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். கணக்கர், தச்சர், தட்டார், தையற்காரர், நாவிதர் ஆகியோருக்கும் பங்கு எழுதப்பட்டுள்ளது. இறந்தவரின் பங்கு அவரது நெருங்கிய உறவினருக்குச் சேர வேண்டும், அவர் அந்த வேலைக்குத் தகுதியற்றவரானால் தகுதியுள்ள ஒருவரை அமர்த்த வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இது கட்டட வேலையாட்களின் பட்டியல் அல்ல, கோயில் ஊழியர்களின் பட்டியல்தான். ஆனாலும் ஆளைப் பெயரோடு எழுதிவைத்தால் அவருடைய உரிமையும் கூடவே நிலைக்கிறது என்பதற்கு ஆயிரம் ஆண்டுச் சான்று அது.

மூன்றாவது வழி ஒன்றும் அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், கூட்டாகச் சேர்ந்து வேலையை ஏற்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபடியோ சமமாகவோ கூலியைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று கூறுகிறது. முதலாளியும் இல்லாமல் இடைத்தரகனும் இல்லாமல் குழுவே வேலையை எடுக்கும் முறை அது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இடையில் வந்தவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டங்களும் ஆலைகளும் பெருகியபோது ஆயிரக்கணக்கில் ஆட்கள் தேவைப்பட்டார்கள். துரைமார்களுக்கு ஆட்களின் மொழி தெரியாது, ஊர் தெரியாது. யார் நம்பத்தக்கவர், யார் பாதியில் ஓடிவிடுவார் என்பதும் தெரியாது. இந்த இடைவெளியில் ஒருவர் வந்து நின்றார். இலங்கையிலும் மலாயாவிலும் அவர் கங்காணி. சென்னையிலும் பர்மாவிலும் மேஸ்திரி. பம்பாய் நூலாலைகளில் ஜாபர், கல்கத்தா சணல் ஆலைகளில் சர்தார். 'கண்காணி' என்பது நல்ல தமிழ்ச் சொல், கண்காணிப்பவர் என்று பொருள். 'மேஸ்திரி' போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தது, அங்கே தொழில் வல்லவர் என்று பொருள்.

கங்காணி முறையை ஒரேயடியாகக் குறை சொல்வது வரலாற்று நேர்மை ஆகாது. தன் ஊரிலிருந்து தன் உறவினரையும் அண்டை வீட்டாரையும் அழைத்துப் போனவர் அவர். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தார், நோய் வந்தால் பார்த்துக்கொண்டார், துரையிடம் பேச வேண்டியதைப் பேசினார். தனியாகப் போயிருந்தால் திக்குத் தெரியாமல் நின்றிருக்கக்கூடிய பலருக்கு அவர் துணை. வேலை தேடி ஊர்விட்டு வந்த நம்மில் எத்தனை பேர், முன்னால் வந்த ஒரு மாமாவின் அல்லது பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலேறினோம் என்று எண்ணிப் பாருங்கள். அதன் வேர் இதுதான்.

கோளாறு எங்கே வந்தது? கங்காணியின் வருமானம் ஆட்களின் உழைப்பிலிருந்தே பிரிந்து வந்தது. இலங்கைத் தோட்டங்களில் தினசரி எத்தனை பேரை வேலைக்கு இறக்குகிறாரோ அதற்கேற்பத் தலைக்காசு கிடைத்தது. முன்பணமோ தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவருடைய கடனைத் தீர்த்தால் விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டம் எழுதித் தரும் சீட்டு அது. அந்தச் சீட்டைப் பொறுத்தவரை ஆள் என்பவர் அவர் பட்ட கடன்தான். துண்டு முறையை இலங்கையில் 1921-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். மலாயாவுக்குக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியதும் அங்கே கங்காணி ஆள்சேர்ப்பு முடிவுக்கு வந்தது.

பம்பாயில் ஜாபரின் கதையும் இதே போன்றதுதான். வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும் அவர் கையில் இருந்ததால், வேலை கேட்டு வந்தவர் அவருக்கு 'தஸ்தூரி' கொடுக்க வேண்டியிருந்தது. 1929-இல் விட்லி தலைமையில் நியமிக்கப்பட்ட ராயல் தொழிலாளர் கமிஷன் 1931-இல் அறிக்கை தந்தது. ஆளெடுக்கும் அதிகாரத்தை ஜாபரிடமிருந்து எடுத்துவிட்டு, ஆலைகள் தொழிலாளர் அதிகாரிகளை வைத்து நேரடியாக எடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. ஆலைகளில் இது மெல்ல மெல்ல நடந்தது. கட்டட வேலையில் நடக்கவில்லை. ஆலை ஓரிடத்தில் நிற்கிறது, கட்டட வேலை இடம் மாறிக்கொண்டே போகிறது. அதனால் இடைத்தரகர் இங்கே நிலைத்துவிட்டார்.

தலைநகரில்

நாம் வாழும் புது டில்லியே காண்டிராக்டர்கள் கட்டிய நகரம். 1911 தர்பாரில் அறிவிக்கப்பட்டு 1931 பிப்ரவரியில் திறந்து வைக்கப்பட்ட இந்த நகரில், சவுத் பிளாக்கைக் கட்டியவர் சோபா சிங், நார்த் பிளாக்கைக் கட்டியவர் பைசாகா சிங் என்று வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. கல் சுமந்த ராஜஸ்தானியப் பெண்களின் பெயர் நமக்கு எங்கே தெரியும்? ஏட்டில் இருப்பது அளவுதானே.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1982 நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டில்லியில் அரங்குகளும் மேம்பாலங்களும் இரவு பகலாக எழும்பின. அப்போது நான் ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்புகளில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். ஊரெங்கும் மண்ணும் சிமெண்டும் பறந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த வேலைகளுக்கு ஆட்களைக் கொண்டுவந்தவர்கள் ஜமாதார்கள். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. காண்டிராக்டர் அதை ஜமாதாரிடம் கொடுத்தார். ஜமாதார் ஆளுக்கு ஒரு ரூபாயைத் தன் கமிஷனாகப் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசைத் தந்தார். பெண்களுக்கு 7 ரூபாய்தான் கிடைக்கிறது என்பதும் புகார்.

ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் இதை ஒரு கடிதமாக நீதிபதி பகவதிக்கு எழுதியது. உச்ச நீதிமன்றம் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. 1982 செப்டம்பர் 18-இல் வந்த தீர்ப்பு, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றது. வேலையைக் காண்டிராக்டருக்கு விட்டுவிட்டோம், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று அரசு அமைப்புகள் சொல்ல முடியாது என்றும் சொன்னது. ஒரு ரூபாய் விஷயம் என்று பார்த்தால் சிறியது. ஆனால் நாட்டின் பொதுநல வழக்கு வரலாற்றில் அந்த ஒரு ரூபாய்க்குப் பெரிய இடம் கிடைத்தது.

சட்டம் நடந்த பாதை

சட்டத்தின் போக்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960-இல் பம்பாய் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சில அளவுகோல்களை வகுத்தது. வேலை ஆண்டு முழுவதும் நடப்பதா, தொழிலுக்கு அவசியமானதா, முழுநேர ஆட்களை வைக்கும் அளவுக்கு இருக்கிறதா, மற்ற இடங்களில் நிரந்தர ஆட்கள் அதைச் செய்கிறார்களா என்பன அவை. இதை அடியொற்றி 1970-இல் காண்டிராக்ட் தொழிலாளர் சட்டம் வந்தது. 20 பேரோ அதற்கு மேலோ ஆள் வைத்தால் லைசென்ஸ் வேண்டும், காண்டிராக்டர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்தவர் தர வேண்டும் என்பது அதன் சாரம். காண்டிராக்ட் தடை செய்யப்பட்டால் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாகிவிடுவார்களா என்ற வழக்கில், 2001-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அப்படி ஆகாது என்று தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டமும் 1996-இன் கட்டடத் தொழிலாளர் சட்டமும் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டன. காண்டிராக்ட் தொழிலாளர் விதிகளுக்கு 20 என்றிருந்த எண்ணிக்கை 50 ஆக உயர்ந்தது. கூலிப் பொறுப்பு மட்டும் அப்படியே தொடர்கிறது.

நாலைந்து பேரை வைத்துத் தொழில் நடத்தும் எங்களைப் போன்றவர்களை இந்த எண்ணிக்கைகள் எட்டுவதில்லை. எங்களைத் தொட்டது இன்னொரு பழைய சட்டம். 1923-இன் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் 12-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒருவர் தமது சொந்தத் தொழிலின் பகுதியான வேலையைக் காண்டிராக்டில் விட்டாலும், அந்த ஆளுக்கு அடிபட்டால் நஷ்டஈடு தர வேண்டியவர் அவரே. பிறகு காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். அதாவது பெயிண்டிங் கம்பெனி பெயிண்டிங்கையே டேக்காவுக்கு விட்டால் பொறுப்பு விலகாது. என் அக்கா மகன் 'தலைவலி கிடையாது' என்று நினைத்தது இங்கேதான் இடறுகிறது.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2004-இல் துவாரகாவில் ஒரு குடியிருப்பின் வெளிச்சுவருக்கு வேறொரு கம்பெனி வர்ணம் பூசிக்கொண்டிருந்தது. கயிற்று ஜூலா அறுந்து ஒருவர் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சேலம் பக்கத்துக்காரர். மனைவிக்கு இந்தி வராது என்பதால் மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள். குடியிருப்புச் சங்கம் கம்பெனியைக் காட்டியது. கம்பெனி, அவர் எங்கள் ஆளே இல்லை, ஜமாதாரின் ஆள் என்றது. ஜமாதாரின் போன் அணைந்துகிடந்தது. வருகைப் பதிவு கிடையாது, கூலிச் சீட்டு கிடையாது. "எங்க வீட்டுக்காரரு பேரு ஒரு எடத்துலகூடவா இல்ல, அண்ணே?" என்று அந்தத் தங்கை கேட்டதற்கு எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை.

கடைசியில் பெயர் ஒரிடத்தில் கிடைத்தது. கூட வேலை பார்த்த பையன் ஒருவன் ஜமாதாரின் சின்ன நோட்டைக் கொண்டுவந்தான். அதில் அவர் பெயருக்கு எதிரே அட்வான்ஸ் தொகையும் தேதியும் வேலை நடந்த இடமும் எழுதியிருந்தன. அந்த மனிதர் எட்டு மாதம் உழைத்ததற்கான ஒரே சாட்சி அவர் பட்ட கடன். இலங்கைத் துண்டைப் பற்றி நான் பின்னாளில் படித்தபோது அந்த நோட்டுதான் நினைவுக்கு வந்தது. அதை வைத்து நஷ்டஈட்டுக் கமிஷனரிடம் வழக்குப் போட்டு, மூன்று ஆண்டு கழித்துப் பணம் வந்தது. அதற்குள் குடும்பம் ஊர் திரும்பிவிட்டது.

சுவருக்குள் மறையும் வேலை

நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். தொழில் நுணுக்கம் என்ன சொல்கிறது? ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1937-இல் ஒரு கேள்வி கேட்டார். எல்லா வேலையையும் சந்தையில் விலை பேசியே வாங்கலாமே, பின் கம்பெனி என்று ஒன்று எதற்காக ஆட்களை வைத்துக்கொள்கிறது? ஒவ்வொரு முறையும் ஆள் தேடி, பேரம் பேசி, ஒப்பந்தம் போடுவதற்கே செலவு உண்டு. அந்தச் செலவு மிஞ்சும் இடத்தில் ஆளை வைத்துக்கொள்வது லாபம் என்பது அவர் விடை.

பெயிண்டிங்கில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. எங்கள் வேலையில் முக்கால் பங்கு கண்ணுக்குத் தெரியாது. பழைய பூச்சைச் சுரண்டுவது, ஈரம் எங்கே என்று பார்ப்பது, இரண்டு கை பட்டி, உப்புத்தாள், பிரைமர் எல்லாம் மேல் கோட்டுக்கு அடியில் மறைந்துவிடும். வீட்டுக்காரர் பார்ப்பது கடைசி நிறத்தை மட்டும். சதுர அடிக்குக் காசு என்றால், மறையும் வேலையைக் குறைப்பவனுக்குத்தான் மிச்சம். பெயிண்டில் தண்ணீரைக் கூட்டுவான், முதல் கோட்டு காயுமுன் அடுத்ததை ஏற்றுவான். இரண்டு மழைக்குப் பிறகு சுவர் உரியும்போது அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. நாள்கூலிக்காரருக்கு அவசரம் இல்லை. ஆனால் மேற்பார்வை இல்லாவிட்டால் மூன்று நாள் வேலை ஐந்து நாளாகும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அளக்க முடிந்த வேலைக்குக் காண்டிராக்ட் பொருந்தும். மதில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, இரும்புக் கிராதிக்கு எனாமல் அடிப்பது போன்றவை அப்படி. அளவில் அகப்படாத வேலைக்குச் சொந்த ஆள்தான் சரி.

சீசன் ஒரு சிக்கல். டிசம்பர் ஜனவரிப் பனியில் சுவர் காயாது. ஜூலை ஆகஸ்டில் ஈரம். ஆறு பேருக்கும் ஆண்டு முழுவதும் வேலை காட்டுவது கடினந்தான். நாங்கள் கடைப்பிடித்த முறை இது. நான்கு பேர் நிரந்தரம். வேலை குறைந்த மாதங்களில் கதவு, ஜன்னல் பாலிஷ், வீட்டுக்குள் சில்லறை ரிப்பேர் என்று அவர்களுக்கு ஏதாவது இருக்கும். சீசனுக்குக் கூடுதல் ஆட்களை அந்த நால்வரே அழைத்துவருவார்கள். ஆனால் கூலி அவரவர் கையில் நேராகப் போகும், பெயரும் தேதியும் நோட்டில் ஏறும். ஆளைத் தேடித் தரும் நன்மை கங்காணியிடமிருந்து வந்தது, ஆளின் கூலியில் கைவைக்கும் தீமை மட்டும் கழன்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்னே விட்ட மூன்றாவது வழிக்கு வருகிறேன். அன்று சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்த மலபாரில், வடகரைக்கு அருகே ஊராளுங்கல் என்னும் சிற்றூரில், சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் தூண்டுதலால் கூலித் தொழிலாளர்கள் சிலர் 1925-இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். தாங்களே காண்டிராக்ட் எடுத்துத் தாங்களே வேலை செய்து லாபத்தைப் பங்கிட்டுக்கொள்வது நோக்கம். அந்தச் சங்கம் நூறாண்டு கடந்து, சாலைகளும் பாலங்களும் கட்டும் பெரிய நிறுவனமாக இன்றும் கேரளத்தில் நடக்கிறது. அர்த்தசாஸ்திரம் சொன்ன கூட்டு முறைக்கு நம் காலத்து உதாரணம். எல்லா ஊரிலும் இது முளைக்காது. ஒருவரையொருவர் நம்பும் ஆட்கள் வேண்டும். ஆனால் முடியாதது என்று சொல்ல இனி வழியில்லை.

இம்மலரை வாசிக்கும் அன்பர்களில் பெரும்பாலோர் தொழில் நடத்துகிறவர்கள் அல்லர், வீட்டுக்கு வர்ணம் பூசச் சொல்கிறவர்கள். உங்களுக்கும் இதில் இடம் உண்டு. அடுத்த முறை எஸ்டிமேட் வாங்கும்போது சதுர அடி ரேட்டோடு இன்னும் மூன்று விஷயம் கேளுங்கள். வரப்போகிற ஆட்கள் யார் யார்? அவர்கள் கையில் கூலி கொடுப்பது யார்? யாருக்காவது அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது யார்? இதற்கு நேராகப் பதில் சொல்கிறவரின் ரேட்டு சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். சுவரும் சில ஆண்டு கூடுதலாக நிற்கும்.

என் அக்கா மகன் இப்போது நான்கு பேரை வைத்திருக்கிறான். மதில் சுவர் வேலைகளை டேக்காவுக்கு விடுகிறான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் டேக்காவில் வருகிறவர்களின் பெயரையும் தன் நோட்டில் எழுதிக்கொள்கிறான்.